மோலும் நூல் நம்பரும்

மோல் என்பது பொருளின் அளவைத் துகள்களின் எண்ணிக்கையால் சொல்லும் அனைத்துலக அலகு. ஒரு மோலில் 6.02214076 × 10²³ துகள்கள் உள்ளன. பத்தாம் வகுப்பில் இதை முதன்முதலாகப் படிக்கும் மாணவர் பலர் மோலை ஓர் எடை என்றே எண்ணிக்கொள்கின்றனர். இதில் அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மோல் எடையாகத்தான் பிறந்தது. எண்ணிக்கையாக மாற முக்கால் நூற்றாண்டு பிடித்தது. எடை போட்டு, எண்ண முடியாத ஒன்றைக் கணக்கிடும் முறை விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்குப் புதியதன்று. அங்குள்ள நூற்பாலைகளில் அது அன்றாட வேலை.

நூலுக்கு நம்பர்

பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் நூற்பாலைகள் பெருகி, ஊரின் அடையாளமே பஞ்சும் நூலும் என்றாயிற்று. நூலின் பருமனை அங்கே அளவுகோல் வைத்து அளப்பதில்லை. 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர் என்றே சொல்வார்கள். இது இங்கிலாந்துப் பஞ்சாலைகளிலிருந்து வந்த வழக்கம். 840 கெஜ நீளம் கொண்ட நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ, அதுவே நூலின் நம்பர். ஆகவே நம்பர் கூடக்கூட நூல் மெலியும்.

840 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள சக்கரத்தில் 80 சுற்றுச் சுற்றினால் 120 கெஜம். இதை ஒரு லீ என்பர். ஏழு லீ சேர்ந்தது ஒரு சிட்டம்.

ஆலையின் சோதனைக் கூடத்தில் ஒரு லீ நூலை மட்டும் சுற்றி எடுத்து எடை போடுவார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு லீ என்பதால் 1000-ஐ லீயின் கிரெயின் எடையால் வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும். எடை 25 கிரெயின் என்றால் அது 40-ஆம் நம்பர் நூல். தராசு கிராமுக்கு மாறியதும் 1000 இருந்த இடத்தில் 64.8 வந்து உட்கார்ந்தது. ஒரு கிரெயின் 0.0648 கிராம் என்பதைத் தவிர அதில் வேறு மர்மம் இல்லை. ஆனால் வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு 64.8 எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை விளங்காது. வேதியியல் வகுப்பில் 22.4-க்கு நேரும் கதியும் இதுதான்.

இந்தக் கணக்கு தவறினால் இழப்பு கைத்தறி நெசவாளிக்கு. பத்துப் பவுண்டு கட்டு ஒன்றில் 40-ஆம் நம்பர் நூல் 400 சிட்டம், அதாவது 3,36,000 கெஜம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது உண்மையில் 38-ஆம் நம்பர் என்றால் நீளம் 3,19,200 கெஜம்தான். 16,800 கெஜம் குறைந்திருக்கும். தராசிலோ அதே பத்துப் பவுண்டு நிற்கும். எடை சரியாக இருப்பதாலேயே எண்ணிக்கையும் சரியாக இருக்கும் என்பதில்லை. 12 கிராம் கார்பனிலும் 12 கிராம் ஆக்சிஜனிலும் அணுக்களின் எண்ணிக்கை வேறுபடுவது இதே காரணத்தால்தான்.

ஒரே பெயர், இரண்டு எடை

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் சென்னை மாகாணத்தில் பலம், வீசை, மணங்கு, கண்டி ஆகியவை வழங்கின. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு கண்டி. சென்னைக் கண்டி 500 பவுண்டு. பம்பாய்ப் பஞ்சுச் சந்தையின் கண்டி 784 பவுண்டு. இந்த இரண்டாவதுதான் 'கேண்டி' என்ற பெயரில் இன்றும் நிலைத்து, 356 கிலோ எனக் கொள்ளப்படுகிறது. ஆகப் பஞ்சின் விலை கேண்டிக்கு, நூலின் நம்பர் கெஜத்துக்கும் பவுண்டுக்கும், நூலின் விற்பனை கிலோவுக்கு. அலகு மாற்றம் தெரியாமல் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுத முடியாது.

எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் உள்ளன என்று இத்தாலியரான அமேதியோ அவகாட்ரோ 1811-இல் கூறினார். அரை நூற்றாண்டு காலம் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. ஆக்சிஜனின் அணு எடையைச் சிலர் 8 என்றும் சிலர் 16 என்றும் எழுதிவந்தனர். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, கன்னிசாரோ அவகாட்ரோவின் கருத்தை முன்வைத்து இக்குழப்பம் தீர வழிகாட்டினார். 1865-இல் லோஷ்மிட் காற்று மூலக்கூறின் பருமனை மதிப்பிட்டார்.

'மோல்' என்ற சொல்லை 1890-களில் வழக்கில் கொண்டுவந்தவர் வில்கெல்ம் ஆஸ்ட்வால்ட். வேடிக்கை என்னவென்றால், அணுக்கள் உண்மையில் உள்ளன என்பதை அவர் அப்போது ஏற்கவில்லை. அவருக்கு மோல் என்பது கிராமில் எழுதிய மூலக்கூறு எடை, அவ்வளவே. ழான் பெரனின் ஆய்வுகள் 1908, 1909 ஆண்டுகளில் வெளிவந்தபோதுதான் ஆஸ்ட்வால்டும் மனம் மாறினார். அவகாட்ரோ எண் என்று பெயரிட்டவர் பெரன். 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்குச் சமமான துகள்களைக் கொண்டது ஒரு மோல் என்று 1971-இல் வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் கிராமின் துணையும் விலகி, எண்ணே வரையறையாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

பால்கோவாவில் சேரும் சர்க்கரையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் மூலக்கூறு நிறை 342. ஒரு கிலோவை 1000 கிராமாக்கி 342-ஆல் வகுத்தால் 2.92 மோல், அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 1.76 × 10²⁴ மூலக்கூறுகள். பாலுக்கு இப்படிச் செய்ய இயலாது. அது ஒரே சேர்மமன்று. பல பொருள்களின் கலவை. பால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.03 கிலோ என்று அடர்த்தி வழியே எடைக்கு மாற்றலாம். அதற்குமேல் மோலுக்கு அங்கே இடமில்லை. 22.4 லிட்டரும் வாயுக்களுக்கு மட்டுமே உரியது. அதுவும் 0 டிகிரி செல்சியசிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும்தான். திட்ட அழுத்தம் 1982-இல் 1 பார் என மாற்றப்பட்டபின் அம்மதிப்பு 22.7 லிட்டர். இரு நூல்களில் இரு எண்களைக் காணும் மாணவர் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டியதில்லை.

இராஜபாளையத்தின் மற்றொரு தொழில் மருத்துவப் பஞ்சு. ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் 1939-இல் தோன்றியது. பஞ்சிலுள்ள மெழுகை நீக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைப்பதும், எஞ்சும் காரத்தை நீர்த்த அமிலத்தால் சமன்செய்வதும் இத்தொழிலின் படிகள். ஒரு கிலோ காரத்துக்கு ஒரு கிலோ அமிலம் என்று போட்டால் கணக்கு பிசகிவிடும். காஸ்டிக் சோடாவின் மூலக்கூறு நிறை 40. ஒரு கிலோ என்பது 25 மோல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் அதுவும் 25 மோல் வேண்டும். மூலக்கூறு நிறை 36.5 என்பதால் 912.5 கிராம். கந்தக அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு சோடா மூலக்கூறுகளைச் சமன்செய்வதால் 12.5 மோல் போதும். அதன் மூலக்கூறு நிறை 98, ஆகவே எடை 1225 கிராம். மோலில் பாதி, எடையில் அதிகம்.