பாயிண்ட், கண்டென்சர், ஒரு பழைய அம்பாசிடர்



அவலூர்பேட்டையில் என்னிடம் படித்து, இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் தன் அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடரைச் சரிசெய்து கொண்டிருக்கிறார். "சார், பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார்கள். போடலாமா?" என்று கேட்டார். போனில் இரண்டு வரியில் சொல்கிற விஷயம் இல்லை. அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

மின்காந்தத் தூண்டல் பாடம் நினைவிருக்கிறதா? 1831இல் ஃபாரடே கண்டது. ஒரு சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு சுருளில் மின்னழுத்தம் எழும். காரில் இருக்கும் காயில் இதுதான். பேட்டரி தருவது 12 வோல்ட். உள்ளே இரண்டாவது சுருளில் பல ஆயிரம் சுற்றுகள் இருப்பதால் 15,000, 20,000 வோல்ட் வரை எழும்பி, பிளக்கில் பொறியாகத் தாவும். அந்த "சட்டென்று நிறுத்தும்" வேலையைச் செய்வதுதான் பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் தெரியும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். கேம் சுற்றச் சுற்ற அவை பிரியும், சேரும். பிரியும் இடத்தில் தீப்பொறி பறந்து பொட்டுகள் கருகாமல் காப்பது கண்டென்சர்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் 6,000 தடவை திறக்க வேண்டும். வினாடிக்கு 100. இடைவெளியோ ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். கேமில் உரசும் பகுதி தேயத் தேய அந்த இடைவெளி குறையும், பொறி தாமதமாக விழும், இழுவை போகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அதனால்தான் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை "டியூனிங்" என்று மெக்கானிக்கிடம் விடுவார்கள்.

இந்த முறையைக் காருக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். நம்ம ஆள் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். காரணம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். பிறகு பொறியியல் படித்து, டெல்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய பேட்டரி இக்னிஷன் 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை இன்றும் "டெல்கோ" என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம் நாட்டில் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கம்பெனிப் பெயரைத்தான் சொல்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நம் கதை சென்னைப் பாடியில் தொடங்குகிறது. 1961இல் இங்கிலாந்தின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியை ஏற்படுத்தின. அம்பாசிடருக்கான டிஸ்ட்ரிபியூட்டர் அங்கே தயாரானது. இதில் ஒரு வேடிக்கை. மறு வருஷமே, 1962இல், கிரஹாம் ஹில் உலகப் பட்டம் வென்ற பி.ஆர்.எம். பந்தயக் காரில் அதே லூகாஸின் டிரான்சிஸ்டர் இக்னிஷன் இருந்தது. பந்தய இன்ஜின் வேகத்துக்குப் பாயிண்ட் ஈடுகொடுக்காமல் துள்ளும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆக, எலக்ட்ரானிக் பொறி அப்போதே பிறந்துவிட்டது. நமக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

ஏன்? பின்தங்கிய நாடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாயிண்ட் கெட்டால் நடுவழியில் சரிசெய்யலாம். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஆள் ஏற்றிப்போகும் டாக்சிகள் மழையில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டிரைவர் மூடியைக் கழற்றி, தோள் துண்டால் ஈரம் துடைத்து, உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்து, தீப்பெட்டி அட்டையை நுழைத்து இடைவெளி பார்ப்பார். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் நின்ற வண்டிக்கு இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் எது? அந்தக் கைவேலையைப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு விட்ட பையன்கள்தான் காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் கற்றார்கள்.

மேலைநாடுகளில் மாற்றத்தைத் துரத்தியது புகைச் சட்டம். அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973இல் கிரைஸ்லர் தன் எல்லாக் கார்களிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனை வைத்துவிட்டது. பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போகும். வினைவேக மாற்றி இருந்தால் அதையும் சூடேற்றிக் கெடுக்கும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அந்த மாற்றி கட்டாயமானது 1995இல்தான்.

ஆனால் நம் பக்கத்து டாக்சிகளில் பாயிண்டை விரட்டியது எலக்ட்ரானிக்ஸ் அல்ல, டீசல். டீசல் இன்ஜினில் பிளக்கும் இல்லை, பாயிண்டும் இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எரியும். டீசல் அம்பாசிடர்கள் பெருகியதும் டாக்சிக்காரர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். "சி.டி.ஐ." என்ற சொல்லை நம் ஊர்ப் பட்டறைகளுக்குக் கொண்டுவந்தவை ஜப்பானியக் கூட்டில் வந்த பைக்குகள். திருவொற்றியூர் புல்லட் மட்டும் பிடிவாதமாக 2000க்குப் பிறகும் சில மாடல்களில் பாயிண்டோடே வந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. இன்று பாயிண்ட் மாற்றும் கேள்வி, பெட்ரோல் வண்டியைப் பாசத்துக்காக வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான்.

சரி, போடலாமா? போடலாம் தம்பி. புதிய முறையில் கேம் தண்டில் ஒரு காந்த வளையம், பக்கத்தில் ஒரு உணரி. ஒன்றை ஒன்று தொடாததால் தேய்மானம் இல்லை. பொறி எப்போதும் ஒரே நேரத்தில் விழும், காலையில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும். நல்ல தரமான பாயிண்ட் இப்போது கிடைப்பதும் கஷ்டம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே அடங்குவதால் வண்டியின் தோற்றமும் மாறாது.

மூன்று விஷயம் மட்டும் கவனி. பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பார்க்காமல் மாற்றிக் கொடுத்தால் அந்தச் சின்னப் பெட்டி அங்கேயே போய்விடும். காயிலின் ஓம் அளவு பெட்டிக்குப் பொருந்த வேண்டும். இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டு ரேடியோ கேட்காதே, காயிலும் பெட்டியும் சூடாகும். அப்புறம், அப்பா வைத்திருந்த பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் எறிந்துவிடாதே. எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வை. அந்தப் பெட்டி வழியில் போய்விட்டால் உப்புத்தாளால் தேய்த்து எழுப்ப முடியாது.