அட்ரஸ் தவறிய ஆமை!

தெள்ளார் என்றதும் சரித்திரப் பிரியர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவது மூன்றாம் நந்திவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே பாண்டியப் படையைப் புரட்டியெடுத்து, 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்ட பல்லவ ராஜா. புடவைப் பிரியர்களுக்கோ ஆரணிப் பட்டு ஞாபகம் வரும். இந்த வாரம் நான் சொல்லப்போவது இரண்டையும் பற்றியல்ல. ஓர் ஆமையைப் பற்றி!

இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். முள்ளும் புதரும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி. ஒற்றையடிப் பாதையில் ஒரு கல் மெதுவாக நகர்கிறது! குனிந்து பார்த்தால் ஆமை. சுற்றுவட்டாரத்தில் குளம், குட்டை எதுவும் கிடையாது. இது எங்கிருந்து வந்தது?

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பாட்டி சொன்னது காதில் விழும். அது நிஜ ஆமை இல்லை, கல்லாமை, இயலாமையைத்தான் சொன்னார்கள் என்று விளக்கம் தந்து ஆமையைக் காப்பாற்றப் பார்த்த தமிழாசிரியர்கள் உண்டு. கெட்ட பெயர் போனபாடில்லை.

பயப்படாமல் காலைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இல்லை, யானைக்கால் மாதிரி உருண்டையாக இருக்கிறதா? அப்படியானால் அது குளத்து ஆமை அல்ல, தரை ஆமை. ஓட்டைப் பாருங்கள். கறுப்புச் சில்லு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மஞ்சள் புள்ளி. அதிலிருந்து சூரியக் கதிர் மாதிரி மஞ்சள் கோடுகள் கிளம்புகின்றனவா? கழுத்துக்கு நேர் மேலே ஓட்டு விளிம்பில் குட்டிச் சில்லு ஒன்று பல ஆமைகளுக்கு இருக்கும். இதற்கு இல்லையா? முடிந்தது விஷயம். நீங்கள் பார்த்தது நட்சத்திர ஆமை. நம் ஊர் வறண்ட முட்காடுதான் அதற்குச் சொர்க்கம். கையில் வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிற அந்தக் கோடுகள், காய்ந்த புல்லுக்குள் போனதும் மாயமாகிவிடும். அதற்காகத்தான் அந்த டிசைனே!

1795-ல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் யோஹான் டேவிட் ஷோப்ஃப் என்ற ஜெர்மானிய டாக்டர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷாருக்காகச் சண்டை போடப் போன ஜெர்மன் பட்டாளத்தோடு மருத்துவராகப் போனவர். ஊர் திரும்பி, ஆமைகளுக்கென்றே படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். நம் ஆமைக்கு 'எலிகன்ஸ்' என்று பெயர். நேர்த்தியானது என்று அர்த்தம். பொருத்தம்தானே?

ஆனால், ஓர் உயிரினத்தை அடையாளம் காண ஓட்டையும் காலையும் பார்த்தால் மட்டும் போதாது. 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கும் சரியான பதில் வேண்டும். அந்தப் பதில் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம சோழமண்டலக் கடற்கரையையே சம்பந்தப்படுத்தி ஒரு கதை உண்டு.

பாரிஸ். 1676-ம் வருடம். ஃபிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், க்ளோத் பெரோ என்பவர் தான் அறுத்துப் பார்த்த ஒரு ராட்சத ஆமையை வர்ணிக்கிறார். ஓடு மட்டுமே மூன்றடி! பிடிக்கப்பட்ட இடம்? 'இந்தியாவில், கோரமண்டல் கடற்கரையில்' என்று எழுதிவைத்தார். (இந்தப் பெரோ லேசுப்பட்டவர் அல்ல. பாரிஸின் லூவர் அரண்மனையின் கிழக்கு முகப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர். நமக்கெல்லாம் தெரிந்த 'சிண்ட்ரெல்லா' கதையை எழுதிய சார்லஸ் பெரோ இவருடைய தம்பி. கடைசியில் செத்த ஒட்டகம் ஒன்றை அறுக்கப்போய், அதில் தொற்றிய வியாதியில் 1688-ல் செத்துப்போனார், பாவம்!)

நம் நட்சத்திர ஆமையோ சாதாரணமாக ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவைத் தாண்டாது. மூன்றடி ஆமை சோழமண்டலத்தில் ஏது?

அது இங்கே பிறந்ததே இல்லை. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்றொரு தீவு. அன்று அதன் பெயர் பூர்போன். ஃபிரெஞ்சுக்காரர்களின் இடம். இந்தியாவுக்கு வரும் அவர்களுடைய கப்பல்கள் அங்கே நின்று, உயிரோடு ஆமைகளை ஏற்றிக்கொள்ளும். தண்ணீரும் தீனியும் இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் ஜீவன். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அதைவிட நல்ல மாமிசம் ஏது? 1671-ல் த லா ஏ என்ற தளபதியின் கப்பற்படை அந்தத் தீவில் தங்கிவிட்டுத்தான் இந்தியா வந்து, 1672-ல் நம்ம சாந்தோமைப் பிடித்தது. அதே படையோடுதான் பெரோவின் ஆமை வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், இப்படி ஏதோ ஒரு கப்பலில் வந்திறங்கி, இங்கிருந்து பாரிஸ் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் ஊகம்.

தவறு அதோடு நிற்கவில்லை. 1783-ல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர், பெரோவின் வர்ணனையை நம்பி அதற்கு 'இண்டிகா' என்று பெயர் வைத்துவிட்டார். இந்திய ஆமையாம்! அப்புறம் உலகத்தில் எந்த மூலையில் ராட்சத ஆமையைப் பார்த்தாலும் 'இண்டிகா'தான். பசிபிக்கில் இருக்கிற கலாபகஸ் ஆமைகளுக்கும் அதே பெயர். இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து கடற்கொள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். 1835-ல் டார்வின் அங்கே போனபோது உதவி கவர்னர் லாசன், ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவு ஆமை என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளைச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் கடலில் வீசினார்கள். பரிணாமத்துக்கான எவ்வளவு பெரிய சாட்சியம்... தண்ணீரில் போயிற்று!

ரீயூனியனின் ராட்சத ஆமையும் 19-ம் நூற்றாண்டின் நடுவுக்குள் பூண்டோடு அழிந்துவிட்டது. 2001-லும் 2002-லும் ஆஸ்டின், அர்னால்ட் உள்ளிட்ட விஞ்ஞானிகள் மியூசியங்களில் கிடந்த எலும்பு, ஓடுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அந்தப் பக்கத்துத் தீவுகளின் அழிந்துபோன ஆமைகளில் எது எந்தத் தீவினுடையது என்று பிரித்துக் காட்டினார்கள். ஆனால், பெயரிடும் சட்டப்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாது. இந்தியாவுக்குச் சொந்தமில்லாத அந்த ஆமை இன்னமும் 'இண்டிகா'தான்!

'பழைய கதை, நமக்கென்ன?' என்கிறீர்களா? இதே குழப்பம் இப்போது நம் நட்சத்திர ஆமைக்கு நடக்கிறது. சென்னை விமான நிலையத்தில் சூட்கேஸைத் திறந்தால் துணிகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் குட்டி ஆமைகள். பாங்காக் மாதிரி ஊர்களில் வளர்ப்புப் பிராணியாக விற்கப் போகிறவை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தின் வழியாக மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாகச் சொன்னது. 2019-ல் சர்வதேச வர்த்தகத்தையே கிட்டத்தட்ட முழுசாகத் தடை செய்தார்கள்.

பிடிபட்டதைக் காட்டில் விட்டுவிடலாமே என்பீர்கள். எந்தக் காட்டில்? குஜராத்–ராஜஸ்தான் பக்கம் ஒரு கூட்டம், தமிழ்நாடு–ஆந்திரா–கர்நாடகத்தில் ஒரு கூட்டம், இலங்கையில் ஒரு கூட்டம் என்று தனித்தனியாக வாழும் இனம் இது. ஒன்றை இன்னொன்றில் கலந்தால் ரத்தமும் கலக்கும், வியாதியும் பரவும். சிங்கப்பூரில் பிடிபட்டு இந்தியாவுக்குத் திரும்பி வந்த ஆமைகளின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க, ஹைதராபாத் விஞ்ஞானிகள் டி.என்.ஏ. வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஆகவே, தெள்ளார்ப் பக்கம் உங்கள் காலடியில் அந்தக் கல் நகர்ந்தால், ஒரு போட்டோ எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஆசையாகத் தூக்கிக்கூடப் பார்க்காதீர்கள். வறண்ட பூமியில் வாழும் தரை ஆமை, கோடைக்கென்று தண்ணீரை மூத்திரப் பையில் சேமித்து வைத்திருக்கும். தூக்கினால், பயத்தில் அத்தனையையும் உங்கள் கையிலேயே கொட்டிவிடும். அடுத்த மழை வரைக்கும் அது வைத்திருந்த தண்ணீர் அவ்வளவுதான்.