ஒப்புக்குச் சப்பாணி அடித்த நூறு

தெருக் கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவன் இருப்பான். ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். பெரிய பையன்கள் டியூஷன் முடிந்து வந்துவிட்டால் அவன் ஓரமாகப் போய் உட்கார வேண்டியதுதான். நங்கநல்லூரானாலும் மயிலாப்பூரானாலும் விதி இதுதான். 1977ல் ஆஸ்திரேலியாவின் தேசிய அணியே ஏறக்குறைய இப்படி ஆகிப்போனது. அந்த அணியில் இருந்த ஒரு லெக் ஸ்பின்னர் மட்டையைப் பிடித்ததற்கு விலை கொடுத்தது நம் இந்திய அணி!

கதை டிவியில் தொடங்குகிறது. கெர்ரி பேக்கர் என்ற பத்திரிகை முதலாளிக்குச் சொந்தமாக சேனல் நைன் இருந்தது. மூன்று வருட ஒளிபரப்பு உரிமைக்கு 15 லட்சம் டாலர் தருகிறேன் என்றார். வாரியம் அதை ஏற்காமல், வழக்கம்போல அரசு நிறுவனமான ஏபிசிக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தது. இன்னொரு பக்கம், மைதானம் நிரம்பி வழிந்தும் தங்கள் கைக்கு வருவது சொற்பம் என்று ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். பேக்கர் ரகசியமாக அவர்களை ஒப்பந்தம் செய்தார். 1977 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது சேப்பல் சகோதரர்கள், லில்லி, மார்ஷ் எல்லாரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். இது வாயிலில் கொடி பிடித்து உட்காரும் வேலைநிறுத்தம் அல்ல. ஆனால் கூலி போதவில்லை என்று மொத்தப் பேரும் வெளியேறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அந்தக் கோடையில்தான் பிஷன் சிங் பேடி தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா போய் இறங்கியது. பேடி, சந்திரசேகர், பிரசன்னா, நம் சென்னை வெங்கட்ராகவன் என்று நான்கு சுழல் மன்னர்களும் அணியில் இருந்தார்கள். எதிரே யார்? பத்து வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்ட பாப் சிம்ப்சனை 41 வயதில் கூப்பிட்டு கேப்டன் ஆக்கியிருந்தார்கள். அவர் 1968ல் விடைபெற்றதும் இந்தியாவுக்கு எதிராகத்தான்! பெரிய பெயர்களில் ஜெஃப் தாம்சன் மட்டுமே மிச்சம். பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்டில் ஆறு பேர் புதுமுகங்கள். அதே டிசம்பர் 2ம் தேதி, மெல்பர்னில் விஎஃப்எல் பார்க் என்ற கால்பந்து மைதானத்தில் பேக்கரின் ஆட்டமும் தொடங்கியது. வேறு இடத்தில் வளர்த்த பிட்ச்சைத் தூக்கிவந்து பதித்திருந்தார்கள். ஆனால் கூட்டம்தான் வரவில்லை.

பிரிஸ்பேனில் இந்தியா 16 ரன்னில் தோற்றது. அடுத்தது பெர்த். இந்தியா 402 அடிக்க, சிம்ப்சன் 176 எடுத்து ஆஸ்திரேலியாவை 394 வரை கொண்டுவந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் கவாஸ்கர் 127, மொகிந்தர் அமர்நாத் 100. பேடி 330க்கு டிக்ளேர் செய்தார். இலக்கு 339. அன்று மாலையே ஒரு விக்கெட் விழுந்ததும், டோனி மேனை நைட்வாட்ச்மேனாக அனுப்பினார்கள்.

நைட்வாட்ச்மேனின் வேலை ராக்காவல்காரன் வேலைதான். பொழுது சாயும் நேரத்தில் நல்ல பேட்ஸ்மேனை இழக்காமல் இருக்க, பந்துவீச்சாளர் ஒருவரை முன்னால் தள்ளிவிடுவது. ரன் எடுக்க வேண்டாம், அவுட் ஆகாமல் இருந்தால் போதும். மறுநாள் காலை அவுட் ஆனாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். மேன் மேற்கு ஆஸ்திரேலியாக்காரர், பெர்த் அவருடைய சொந்த மைதானம். காவலுக்கு வந்தவர் மறுநாள் பேடி, சந்திரசேகர் பந்துகளை அடித்து விளையாட ஆரம்பித்துவிட்டார். 105 ரன்! டெஸ்டில் நைட்வாட்ச்மேனாக வந்து நூறு அடித்த இரண்டாவது ஆள் அவர். முதலாவது, 1962ல் லார்ட்ஸில் பாகிஸ்தானின் நசீமுல் கனி. (2006ல் ஜேசன் கில்லெஸ்பி இதே வேலையில் இரட்டைச் சதமே அடித்தது தனிக்கதை.) ஆஸ்திரேலியா 8 விக்கெட்டுக்கு 342. பேடி அந்த டெஸ்டில் பத்து விக்கெட் எடுத்தும் பயனில்லை.

பிறகு மெல்பர்னில் சந்திரசேகர் இரண்டு இன்னிங்ஸிலும் 52 ரன்னுக்கு ஆறு ஆறு விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றுத் தந்தார். சிட்னியிலும் இந்தியாவுக்கு இன்னிங்ஸ் வெற்றி. அடிலெய்டில் 493ஐத் துரத்தி 445ல் ஆட்டம் முடிந்தது. தொடர் 3-2 என்று கைநழுவியது. இரண்டாந்தர அணி என்று கேலி செய்யப்பட்டவர்களிடம்தான் இந்தியா தோற்றது. பெர்த்தில் அந்த 105 இல்லையென்றால் கணக்கே மாறியிருக்கும். ஆஸ்திரேலியாவில் முதல் தொடர் வெற்றிக்கு இந்தியா 2018-19 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் கால்பந்தில் 1987ல் நிஜமாகவே வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது வாஷிங்டன் அணிக்கு ஆடிய மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வருடம் அணி கோப்பை வென்றதற்கான மோதிரம் அவர்கள் கைக்கு வந்தது 2018ல்தான்.

மேனுக்கு அவ்வளவு காலம் கூட கிடைக்கவில்லை. அவர் அணியில் எடுக்கப்பட்டது பந்துவீச. நான்கு டெஸ்டில் விழுந்தது நான்கே விக்கெட், சராசரி 79. ஐந்தாவது டெஸ்டில் அவர் இடத்துக்கு புரூஸ் யார்ட்லி வந்தார். மேன் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை. 1979 மே மாதம் வாரியமும் பேக்கரும் சமாதானம் ஆனார்கள். ஒளிபரப்பு உரிமை சேனல் நைனுக்கே போனது. லில்லியும் மார்ஷும் கிரெக் சேப்பலும் முன்பைவிட நல்ல சம்பளத்தோடு தேசிய அணிக்குத் திரும்பினார்கள். மேன் மேற்கு ஆஸ்திரேலிய மாநில அணிக்கு இன்னும் சில வருடங்கள் ஆடினார். 2019ல் காலமானார்.