மொலக்காய்த் தீவில் குடியேறியவர்கள்



புனித தமியான் தொழுநோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டியதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் தண்ணீர்க் குழாய் பதித்ததையும் வீடு கட்டியதையும் அவ்வளவாகக் கேட்டதில்லை. தீவிலே கொண்டுபோய் விடப்பட்ட அந்த மக்களுக்கு அன்றாடப் பாடே பெரும்பாடாக இருந்தது. அதை அறிந்தால்தான் அவருடைய தொண்டின் அருமை நமக்கு விளங்கும்.

ஹவாய் அக்காலத்தில் தனி அரசு. தொழுநோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டத்தை 1865-ஆம் ஆண்டில் அரசர் ஐந்தாம் கமேகமேகா பிறப்பித்தார். 1866 ஜனவரி 6-ஆம் நாள் முதல் 12 நோயாளர் மொலக்காய்த் தீவின் வடகரையில், கலாவாவோ என்னும் இடத்திற்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறமும் கடல். பின்புறம் செங்குத்தான மலை. திரும்பி வர வழியில்லை.

நிலம் இருக்கிறது, சேப்பங்கிழங்கு பயிரிட்டு அவர்களே பிழைத்துக்கொள்வார்கள், அரசுக்குச் செலவு குறையும் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். விரல்கள் மரத்து மழுங்கிப் போனவர்கள் மண்வெட்டி பிடிப்பது எப்படி? கணக்குப் பொய்த்தது. இறைச்சியும், கிழங்கை வேகவைத்து இடித்த களியும் அரசே அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கடல் கொந்தளித்தால் படகு கரை சேராது; அன்று வயிறு காய வேண்டியதுதான். பிற்பாடு அங்கே ஒரு கடை திறக்கப்பட்டது. துணிமணிக்கென்று ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 6 டாலர் ஒதுக்கினார்கள். ஊரிலிருந்து உறவினர் பணம் அனுப்பினால் நல்லது. அனுப்ப ஆளில்லாதவருக்கு அந்த 6 டாலர்தான் கதி.

1873 மே 10-ஆம் நாள் தந்தை தமியான் அங்கு வந்திறங்கினார். பெல்ஜிய நாட்டினர், அப்போது வயது 33. தங்க வீடில்லாமல் கோயிலருகே ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். நோயுற்றவர்கள் தொலைவிலிருந்து தண்ணீரைத் தோளில் சுமந்து வருவதைக் கண்டார். குடிக்கவே போதாத தண்ணீரில் குளிப்பது ஏது, புண் கழுவுவது ஏது? அவ்வாண்டே அரசு அனுப்பிய குழாய்களைப் பதித்துத் தண்ணீரைக் குடியிருப்புக்குக் கொண்டுவரும் வேலையில் அவரும் கைகொடுத்தார்.

1874-இல் அடித்த புயல் ஏழைகளின் இற்றுப்போன குடிசைகளைச் சாய்த்தது. அரசு மரம் அனுப்பியது. கையில் காசுள்ளவர்கள் தச்சருக்குக் கூலி கொடுத்துக் கட்டிக்கொண்டனர். காசில்லாதவர்களுக்குத் தந்தையே தச்சரானார். நோயுற்ற சிறுவர்களே அவருக்கு உதவியாட்கள்.

அந்த நோய் அவரையும் பற்றியது. 1889 ஏப்ரல் 15-ஆம் நாள் தம் 49-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2009 அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். தமியானின் இறுதி மாதங்களில், 1888-இல், தொண்டாற்ற அங்கு வந்த அன்னை மரியான் கோப்பும் 2012-இல் புனிதரானார். பிரித்து வைக்கும் முறை 1969-இல்தான் ஒழிந்தது. அதற்குள் ஏறத்தாழ 8,000 பேர் அக்கரைக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

நம் பங்கிலும் பிழைப்புக்காகவோ, நோயினாலோ, புயலினாலோ ஊர்விட்டு வந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகச் செபிப்போம். அத்துடன், குடிக்கத் தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், கூரை ஒழுகுகிறதா, மாதச் செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் வீடு தேடிப் போய்க் கேட்போம். தமியான் அவற்றைத்தான் முதலில் கவனித்தார்.