எண்ணிட்ட தரவினம்: சி மொழியில் பெயர்களுக்கு எண் வந்த வரலாறு

எண்ணிட்ட தரவினம் என்பது, ஒரு மாறி ஏற்கக்கூடிய மதிப்புகளைப் பெயர்களாகப் பட்டியலிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழு எண்ணை ஒதுக்கும் நிரலாக்க வசதி ஆகும். சி மொழியில் இதற்கான சிறப்புச்சொல் 'எனம்'. எண்ணிடுதல் எனப் பொருள்படும் 'எனுமரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. மனிதருக்குப் பெயர் எளிது, கணினிக்கு எண் எளிது. இரண்டையும் இணைப்பதே இத்தரவினத்தின் வேலை.

தோற்றம்

சி மொழி 1972ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியால் உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் எண்ணிட்ட தரவினம் இல்லை. நிக்லவுஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய புகழ்பெற்ற சி மொழி நூலின் முதல் பதிப்பிலும் 'எனம்' பற்றிய விளக்கம் கிடையாது.

நூல் வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில், சி மொழியில் அண்மையில் செய்யப்பட்ட மாற்றங்கள் என்ற சிறு குறிப்பு ஒன்று எழுதப்பட்டது. அதில் இருந்தவை இரண்டே சேர்க்கைகள். அவற்றுள் ஒன்று எண்ணிட்ட தரவினம். 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் வழியாக அது பரவியது. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலையும் 1990ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலையும் அதை மொழியின் நிலையான உறுப்பாக்கின.

அதற்கு முன்பு நிரலாளர்கள் முன்செயலியின் 'டிஃபைன்' கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே எண் கொடுத்து வந்தனர். அம்முறையில் நிரல்பெயர்ப்பி வேலையைத் தொடங்கும் முன்பே பெயர்கள் மறைந்து எண்கள் மட்டும் எஞ்சும். பிழை தேடும்போது '3' என்று தெரியுமே தவிர 'புதன்' என்று தெரியாது. எந்தப் பெயர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் நிரல்பெயர்ப்பிக்குப் புலப்படாது. 'எனம்' இந்த இரு குறைகளையும் நீக்கியது.

செயல்படும் முறை

கிழமைகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

எனம் கிழமை { ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி };

எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் முதல் பெயருக்கு 0 கிடைக்கும். அடுத்தடுத்த பெயர்கள் ஒவ்வொன்று கூடிப் பெறும். எனவே ஞாயிறு 0, சனி 6. சி மொழியின் நேர நூலகமும் ஞாயிற்றுக்கிழமையை 0 என்றே கணக்கிடுகிறது. திங்களுக்கு 10 என்று நாமே எழுதினால் செவ்வாய் 11 ஆகும், புதன் 12 ஆகும். இரு பெயர்களுக்கு ஒரே எண் அமையவும் மொழி இடம் தருகிறது.

சிறப்புச்சொல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் பட்டியலில் உள்ள பெயர்கள் தமிழிலும் இருக்கலாம். குறிப்பெயர்களில் பயன்படுத்தத்தக்க பன்மொழி எழுத்துகளைப் பட்டியலிடும் 1999ஆம் ஆண்டுத் தரநிலையின் பின்னிணைப்பில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றன. 2020இல் வெளிவந்த ஜிசிசி 10ஆம் பதிப்பிலிருந்து அந்த நிரல்பெயர்ப்பியில் தமிழ்ப் பெயர்களை நேரடியாகவே தட்டச்சு செய்ய முடிகிறது.

சி மொழியின் எண்ணிட்ட தரவினத்தில் ஒரு தளர்வும் உண்டு. கிழமை வகை மாறியில் 57 என்ற எண்ணை இட்டாலும் மொழி அதைத் தடுப்பதில்லை. சி++ மொழி இதை ஏற்காது. சி மொழியில் மதிப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு நிரலாளருடையது.

எண் மாறினால் என்ன ஆகும்?

பட்டியலின் நடுவே புதிய பெயர் ஒன்றை நுழைத்தால் அதற்குப் பின்னுள்ள எல்லாப் பெயர்களின் எண்ணும் ஒன்று கூடிவிடும். நிரல் முழுவதையும் மீண்டும் பெயர்த்தால் நிரலுக்குள் குழப்பம் வராது. ஆனால் பழைய எண்கள் ஏற்கெனவே கோப்பில் சேமிக்கப்பட்டிருந்தால், அல்லது வேறொரு நிரல் அந்த எண்களை நம்பி இயங்கினால், பொருள் மாறிவிடும். பிழைச்செய்தியும் வராது. ஆகவே இவ்வகைத் தவறுகளைக் கண்டுபிடிப்பது கடினம்.

கணினிக்கு வெளியிலும் இந்தச் சிக்கல் உண்டு. நெய்வேலியில் முதல் நிலக்கரிச் சுரங்கப் பணி 1957இல் தொடங்கியது. பின்னர் இரண்டாம் சுரங்கம் வந்தது. அதற்கும் பிறகு, முதல் சுரங்கத்தை அடுத்து இன்னொரு சுரங்கம் 2003இல் நிறைவடைந்தது. அதற்கு இடத்தைப் பார்த்து 2 என்று எண்ணிட்டு, இருக்கும் இரண்டாம் சுரங்கத்தை 3 என மாற்றியிருந்தால் பதிவேடுகள், வரைபடங்கள், ஒப்பந்தங்கள், ஊழியர் ஆவணங்கள் என எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். புதிய சுரங்கம் '1ஏ' எனப் பெயர் பெற்றது. இரண்டாம் அனல்மின் நிலையத்துக்குப் பின் வந்த 420 மெகாவாட் நிலையமும் 'முதல் அனல்மின் நிலைய விரிவாக்கம்' என்றே அழைக்கப்படுகிறது. பழைய எண் எதுவும் அசையவில்லை.

சி மொழியில் '1ஏ' என்ற எண்ணுக்கு இடமில்லை. மதிப்புகள் முழு எண்களாகவே இருக்க வேண்டும். ஆகவே நிரலாளர்கள் வேறு வழிகளைக் கையாள்கின்றனர்.

தமிழ் பெற்ற எண் 35

முதல் வழி, புதியதைக் கடைசியில் சேர்ப்பது. இதற்குத் தமிழே நல்ல சான்று. ஐசியு என்பது பன்மொழி உரைகளைக் கையாள உதவும் நூலகம். 1999இல் ஐபிஎம் நிறுவனம் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. உலக எழுத்துமுறைகளுக்கு எண் தரும் எண்ணிட்ட தரவினம் ஒன்று இதில் உள்ளது. அதன் தொடக்கப் பகுதி பெரும்பாலும் ஆங்கில அகர வரிசையில் அமைந்தது. அதில் கன்னடம் 21, மலையாளம் 26, சிங்களம் 33, தமிழ் 35, தெலுங்கு 36.

2002இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் தகலாக் எழுத்துமுறை யுனிகோடில் சேர்ந்தது. ஆங்கில அகர வரிசைப்படி அதன் இடம் தமிழுக்கு முன்பு. அங்கே நுழைத்திருந்தால் தமிழ் 36 ஆகியிருக்கும், தெலுங்கு 37 ஆகியிருக்கும். 36 என்றால் தெலுங்கு என்று பதிந்து பெயர்க்கப்பட்ட பழைய நிரல்கள் தமிழ் உரையைத் தெலுங்கு என்று கருதியிருக்கும். ஆகவே தகலாக்கிற்குப் பட்டியலின் இறுதியில் 42 வழங்கப்பட்டது. அகர வரிசை குலைந்தது, ஆனால் யாருடைய எண்ணும் மாறவில்லை.

இடைவெளி விடுதலும் எழுத்தாலேயே எண்ணிடுதலும்

இரண்டாம் வழி, முன்கூட்டியே வெற்றிடம் விடுவது. யுனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தேவநாகரி அட்டவணையை ஒத்த அமைப்பு என்பதால், தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்கள் காலியாக விடப்பட்டன. 2997 என்பது 'வ', 2999 என்பது 'ஷ'. நடுவில் காலியாக இருந்த 2998இல் 'ஶ' என்ற எழுத்து 2005இல் சேர்க்கப்பட்டபோது வேறெந்த எழுத்தும் நகரவில்லை.

மூன்றாம் வழி, பெயரிலிருந்தே எண்ணை உண்டாக்குவது. எழுத்துருக்களைத் திரையில் சரியாக அமைக்கும் ஹார்ஃபஸ் என்ற நூலகம், 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைக்கிறது. அதன் எண்ணிட்ட தரவினத்தில் வரிசை எண் கிடையாது. தமிழைக் குறிக்கும் பன்னாட்டுத் தரநிலையின் நான்கு ஆங்கில எழுத்துக் குறியீடு அப்படியே நான்கு பைட்டு எண்ணாக மாறுகிறது. அவ்வாறு வரும் மதிப்பு 1415671148. எண் பெரிதானாலும், எத்தனை எழுத்துமுறைகள் புதிதாக வந்தாலும் மாறாது.

தமிழர் கண்ட பாடம்

எண் நிலையாக இல்லாவிட்டால் ஏற்படும் இழப்பைத் தமிழ்க் கணிமை நேரடியாகவே கண்டது. யுனிகோடு பரவும் முன் திஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் எனப் பல குறியாக்கங்கள் வழக்கில் இருந்தன. தனித்தனி எழுத்துரு நிறுவனங்களின் முறைகளும் இருந்தன. ஒரே எண் ஒன்றில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறித்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரையும் கடிதமும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. ஒருமுறை சேர்த்த எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது யுனிகோடின் உறுதிமொழி.

பிற்கால வளர்ச்சி

1999ஆம் ஆண்டுத் தரநிலை பட்டியலின் கடைசிப் பெயருக்குப் பின்னும் காற்புள்ளி இட அனுமதித்தது. இதனால் புதிய பெயரை இறுதியில் சேர்க்கும்போது பழைய வரி எதையும் தொட வேண்டியதில்லை. 2024இல் வெளியான தரநிலை, எந்த முழு எண் வகையில் மதிப்புகளைச் சேமிக்க வேண்டும் என்று நிரலாளரே குறிப்பிட வழி செய்தது.

சி மொழி கற்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எண்கள் நிரலுக்குள் மட்டும் பயன்படுமானால் வரிசையை விரும்பியபடி மாற்றலாம். கோப்பிலோ தரவுத்தளத்திலோ வலைப்பின்னலிலோ அந்த எண்கள் வெளியே செல்லுமானால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்ணை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். புதிய பெயருக்குப் புதிய எண்ணே தர வேண்டும். நீக்கிய பெயரின் எண்ணை மற்றொன்றுக்கு வழங்கக் கூடாது.