அச்சமும் இளிவரலும்

உள்ளத்தெழும் உணர்ச்சி மெய்யின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்பர் நம் முன்னோர். அதனை எட்டாக வகுத்த தொல்காப்பியனார், அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கெனக் கொண்டார். தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. அந்நான்கனுள் நோய் இல்லை. நோயை அவர் வைத்தவிடம் இளிவரல் என்னும் பிறிதொரு மெய்ப்பாடு. இளிவரலாவது இழிவுபற்றி வரும் அருவருப்பு. நோய்க்கு அஞ்சுதலினும் நோயாளரை அருவருத்தல் மாந்தர்க்கு எளிது என்பதற்கு இவ்வைப்புமுறை இடந்தருகின்றது என யாம் கருதுகின்றோம். கொரோனாத் தொற்றுப் பரவிய ஆண்டுகளில் நம் கடலூர் மாவட்டம் இதனை நேரிற் கண்டது.

நம் மாவட்டத்தார் இடருக்குப் புதியரல்லர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் வந்தன. இவை கொடியனவே; ஆயினும் கண்ணுக்குப் புலப்படுவன, வந்து நீங்குவன. பேரலையில் உற்றாரை இழந்தோர் பின்னும் அக்கடல்மேலேயே வலைவீசச் சென்றனர். வெள்ளத்திற்கு அஞ்சினோர் அயலானுக்கு அஞ்சினாரல்லர்; அவன் வீட்டிலேயே ஒதுங்கினர். தொற்றோ கட்புலனாகாதது, அயலான் மூச்சின் வழியே வருவது. காணவொண்ணாப் பகைக்குக் காணத்தக்கதோர் உருவை உள்ளம் தேடிற்று. அவ்வுருவாக அகப்பட்டோர் கோயம்பேட்டிலிருந்து மீண்ட எளியோர்.

2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவிற்று. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை சுமந்து பிழைத்தோருள் நம் மாவட்டத்தார் பலர். அங்கே தொற்றுக் காணவே அவர்கள் ஊர் திரும்பினர். மே 4 அன்று தமிழ்நாட்டில் புதிதாய்த் தொற்றுக் கண்டோர் 527 பேர். அவருள் 122 பேர் கடலூர் மாவட்டத்தினர். மறுநாளே அச்சந்தை மூடப்பட்டது. கோயம்பேடு என்னும் ஊர்ப்பெயர் வசைச்சொல் போலாயிற்று. நேற்றுவரை அவர் அனுப்பிய பொருளை உவந்தேற்ற சுற்றமும் முகந்திருப்பியது. சென்னையிலோ, அதற்குமுன் ஏப்ரலிலேயே, தொற்றால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ்செய்யச் சென்றோரைக் கல்லெறிந்து துரத்தினர்.

இதனால் விளைந்த கேடு யாது? இகழ்ச்சிக்கு அஞ்சுவோன் தன் நோயை மறைப்பான். மறைத்த நோய் பரவும். இளிவரலாகத் திரிந்த அச்சம் எவரையும் காவாது, தான் அஞ்சிய தீங்கையே வளர்க்கும்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்நோயாளரைத் தொட்டுப் பேணிய செவிலியரும், கழிவகற்றிய தூய்மைப் பணியாளரும் அச்சமற்றவரா? அல்லர். நோய் செல்லும் வழியை அறிந்து, வாயும் மூக்கும் மூடி, கைகழுவி அணுகினர். அறிவொடு கூடிய அச்சம் அவர்க்குக் காப்பாயிற்று.

நிற்க. 2021-இல் இரண்டாம் அலை எழுந்தபோது பழக்கம் அச்சத்தைத் தேய்த்துவிட்டிருந்தது. முகக்கவசம் மோவாய்க்கு இறங்கிற்று, மணப்பந்தல்கள் நிரம்பின. 2021 மே 21 அன்று ஒருநாளில் மாநிலத்தில் தொற்றுக் கண்டோர் 36,184 பேர். முன்னாண்டு நம்மை நடுங்கவைத்த 527-இன் ஏறத்தாழ 69 மடங்கு இது. இடர் பெருகியபோது அச்சம் அதற்கேற்பப் பெருகிற்றில்லை. காக்க வந்த தடுப்பூசிக்கோ பலர் அஞ்சினர். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-இல் ஊசி போட்டுக்கொண்டு, 17-இல் மாரடைப்பால் மறைந்தார். ஊசிக்கும் அச்சாவுக்கும் தொடர்பில்லை என மருத்துவர் அன்றே கூறினர். ஆயினும், அறிந்த முகம் ஒன்றன் சாவு, அறியாத இலட்சம் பேர் பிழைத்த கணக்கினும் வலிதாய் நின்றது.

1918-ஆம் ஆண்டு இன்புளுவென்சா இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. அதனைக் கண்ட தலைமுறை மறைய, அதன் படிப்பினையும் உடன் மறைந்தது. கோயம்பேட்டுப் படிப்பினையும் அவ்வாறே மறையவிடலாகாது.

ஆதலின், நம் சங்கத்து அன்பர்க்கு யாம் விண்ணப்பிப்பது இதுவே. மீண்டும் ஒரு தொற்று வருங்கால், ‘யார் கொண்டுவந்தார்?’ என வினவுதலை விடுத்து, ‘எவ்வழி பரவுகின்றது?’ என வினவுக. வெளியூரினின்று மீள்வோர்க்குத் தனியறையும், வேளைதோறும் வாயிற்படியில் உணவும், அன்பான ஒரு சொல்லும் தருக. அச்சொல் கிட்டுமாயின் அவர் தம் காய்ச்சலை மறையார். அதனால் தெருவே பிழைக்கும்.