பத்து மில்லிமீட்டர்

1994இல் திருச்சியில் நர்சிங் படிக்கையில் எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் முன்னங்கையில் ஊசி போட்டார்கள். மாண்டூ டெஸ்ட். யாருக்கும் இருமலோ காய்ச்சலோ கிடையாது. மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். தடிப்பு பத்து மில்லிமீட்டரைத் தொட்டால் காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறது என்று கணக்கு. எனக்குப் பதினாலு. ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வந்தவளுக்குப் பதினாறு. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல என் தட்டும் டம்ளரும் மூலைக்குப் போச்சு. அவ தட்டு வச்ச இடத்துலயே இருந்துச்சு.

நான் கொள்ளிடக் கரைச் சேரிக்காரி. வாழைத் தோட்டத்துல கூலி வேலை செஞ்ச எங்க அம்மாயி எலும்புருக்கியிலதான் செத்துச்சு. அதன் மடியிலதான் நான் வளர்ந்தேன். கிருமி அங்கேயே வந்திருக்கலாம்.

ஆனால் உள்ளே தூங்கும் கிருமி அடுத்தவருக்குத் தொற்றாது. தட்டில் ஒட்டாது. நோய் முற்றி நுரையீரலிலிருந்து இருமும்போதுதான் காற்றில் பரவும். கிருமி புகுந்த நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். நர்சிங் படிச்சவங்களுக்கே இது ஏறலைன்னா, அது படிப்போட கோளாறு இல்லை.

இந்த ஊசிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1890இல் ராபர்ட் கோக் டியூபர்குலினை மருந்து என்று அறிவித்தார். நோய் தீரவில்லை. தொற்றைக் கண்டுபிடிக்க மட்டும் அது உதவியது. அதைத் தோலுக்குள் போட்டு அளக்கும் முறையை 1908இல் சார்ல் மாண்டூ சொன்னார். 1948இல் மதனப்பள்ளியில் தொடங்கிய பி.சி.ஜி. திட்டம் 1951 முதல் நாடு முழுக்கப் பரவியபோது முதலில் இந்தச் சோதனைதான். கை தடிக்காதவர்களுக்கு பி.சி.ஜி. போட்டார்கள். தடித்தவர்களை அனுப்பிவிட்டார்கள். 1955இல் ராஜாஜி பி.சி.ஜி.யை எதிர்த்து எழுதினார். நாடே அந்த ஊசி நல்லதா கெட்டதா என்று சண்டை போட்டது. தடித்த கையோட வீட்டுக்குப் போன சனத்துக்கு என்ன வழின்னு அந்தச் சண்டையில யாரு கேட்டா?

வழி இல்லாமல் இல்லை. 1957இல் அலாஸ்காவின் பழங்குடிகளிடையே தொடங்கிய ஆய்வு, ஐசோனியாசிட் மாத்திரை நோய் வராமல் தடுக்கும் என்று காட்டியது. நம் நாட்டில் நோயாளியின் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் தடுப்பு மாத்திரை என்று 2021 வழிகாட்டியில்தான் வந்தது.

மாத்திரை மட்டும் போதாது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் முடிவு வெளியானது. கிருமி வீதி பார்த்துப் புகுவதில்லை. பட்டினி கிடக்கிற உடம்பாப் பார்த்துத்தான் முழிச்சுக்குது.

அதனால் சொல்றேன். உங்க வீட்டுல ஒருத்தருக்கு டி.பி.ன்னா மத்தவங்களும் போய்ச் சோதிச்சுக்குங்க. நோய் இல்லைன்னு ஆனா தடுப்பு மாத்திரை கேளுங்க. அரிசி பருப்பும் கேளுங்க. தட்டை நகர்த்த மட்டும் யாரையும் விடாதீங்க.